எட்டுக்கு ஆறு: சேலஞ்ச் கோப்பை பற்றி வாசகர் கேள்விகள்

இங்கிலாந்தின் ரக்பி லீக் சேலஞ்ச் கோப்பையில் 2025 சீசன் முடிந்த விதம் பலரை யோசிக்க வைத்திருக்கிறது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: வெம்பிளியில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஹல் கே.ஆர். (ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ்) 8, வாரிங்டன் 6. எண்பது நிமிடம் முட்டி மோதி, கடைசியில் இவ்வளவுதானா? முப்பது, நாற்பது என்றெல்லாம் எடுப்பார்களே?

ப: எடுப்பார்கள். இதே ஹல் கே.ஆர். அதற்கு நான்கு வாரம் முன்பு, யார்க்கில் நடந்த அரையிறுதியில் கேட்டலன்ஸ் அணியை 36-12 என்று சாய்த்தது. இறுதி ஆட்டத்தில் அந்த ஓட்டம் காணாமல் போனதற்குக் காரணம் களைப்பு அல்ல, கணக்கு.

முதலில் அந்த எட்டையும் ஆறையும் பிரித்துப் பாருங்கள். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கும் ட்ரைக்கு 4 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2. எதிரணி தவறு செய்து கிடைக்கும் பெனால்டியைக் கம்பத்துக்கு உதைத்தால் 2. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கு 1. வாரிங்டனின் ஆறு, ஜோஷ் தியூலிஸின் ட்ரையும் அதன் கன்வர்ஷனும். ஹல் கே.ஆர். கையில் இருந்தது ஒரே ஒரு பெனால்டி கோல். 6-2 என்ற நிலையிலேயே ஆட்டம் கடைசி நிமிடங்கள் வரை இழுத்துக்கொண்டு போனது. 78-வது நிமிட வாக்கில், தடுப்பு வரிசைக்குப் பின்னால் டைரோன் மே தரையோடு உருட்டிவிட்ட பந்தை டாம் டேவிஸ் அமுக்கினார். 6-6. மிக்கி லூயிஸ் கன்வர்ஷனைச் சேர்த்தார். 8-6.

ஆக, இரு அணிக்கும் ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன். மிச்சம் நிற்பது அந்த பெனால்டி கோல் ஒன்றுதான். எடுத்தபோது அரங்கம் பெரிதாக ஆர்ப்பரித்திருக்காது. ஆனால் கோப்பை அதில்தான் இருந்தது. வாராந்திர லீக் தொடரில் ஒரு வாரம் தோற்றால் அடுத்த வாரம் சரிக்கட்டலாம். அதனால் பந்தை ஓரம் வரை கைமாற்றி, ஆபத்தை விலைக்கு வாங்கி ஆடுவார்கள். நாக்-அவுட்டான இந்தக் கோப்பையில் அந்த அடுத்த வாரமே கிடையாது. ஆறு டாக்கிளுக்குள், அதாவது ஆறு முறை மடக்கப்படுவதற்குள் பந்தைப் பயன்படுத்திவிட வேண்டும். எனவே முதல் ஐந்து டாக்கிளில் பந்தைத் தவறவிடாமல் சுமந்து, ஆறாவதில் எதிரணியின் மூலைக்கு உதைத்துவிட்டு, அவர்கள் தவறட்டும் என்று காத்திருப்பார்கள். இரு தரப்பும் தவறாவிட்டால் ஸ்கோர் இப்படித்தான் இருக்கும்.

கே: ரக்பி யூனியனுக்கும் ரக்பி லீகுக்கும் என்ன வேறுபாடு? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ப: யூனியனில் 15 பேர், லீகில் 13 பேர். லீகில் லைன் அவுட் (பக்கக் கோட்டிலிருந்து வரிசையாக நிற்பவர்களுக்கு நடுவே பந்தை எறிவது) கிடையாது, தரையில் பந்துக்காக நடக்கும் தள்ளுமுள்ளும் கிடையாது. மடக்கப்பட்டவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னுக்கு உருட்டி ஆட்டத்தைத் தொடர்வார். ஆறு முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்கு. 1895-ல் ஹட்டர்ஸ்ஃபீல்டின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வட இங்கிலாந்து கிளப்புகள் பிரிந்து வந்ததில் பிறந்த ஆட்டம் இது. ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிக்கு இழந்த கூலியை ஈடுகட்டலாமா கூடாதா என்பதுதான் சண்டை.

கே: 2025-ல் கோப்பையின் அமைப்பே மாறிவிட்டதாகச் சொல்கிறார்களே, என்ன மாற்றம்?

ப: முதல் நிலைப் போட்டியான சூப்பர் லீகின் அணிகள் நுழையும் சுற்று மாறியது. 2024-ல் பெரிய அணிகள் பன்னிரண்டும் ஆறாவது சுற்றில், கடைசிப் பதினாறில்தான் வந்தன. அதாவது நான்கு ஆட்டம் வென்றால் கோப்பை. 2025-ல் மூன்றாவது சுற்றிலேயே, மொத்தம் 32 அணிகளில் சேர்த்து இறக்கிவிட்டார்கள். அதுவும் பன்னிரண்டு அணிகளும் வெளியூர் ஆட்டமாகத்தான் தொடங்க வேண்டும். ஐந்து வெற்றி தேவை. ஜனவரியில் அமெச்சூர் கிளப்புகளோடு தொடங்கும் சுற்று, பிப்ரவரியிலேயே பெரியவர்களைச் சிறிய மைதானங்களுக்கு அழைத்து வந்துவிடுகிறது.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. லண்டனின் அமெச்சூர் அணியான வெஸ்ட்ஸ் வாரியர்ஸ் மீது லீட்ஸ் 92-6 என்று ஏறி மிதித்தது. அதைப் பார்த்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். வாரத்தில் ஐந்து நாள் வேலைக்குப் போய், இரண்டு மாலை பயிற்சி எடுப்பவரும், முழுநேரமும் உடலைத் தயார் செய்பவரும் மோதினால், கடைசி இருபது நிமிடத்தில் ஸ்கோர் பெருகத்தான் செய்யும். ஆனால் அதே சுற்றில், இரண்டாம் நிலை அணியான பிராட்ஃபோர்டு, சூப்பர் லீகின் காசில்ஃபோர்டை 18-16 என்று வீட்டுக்கு அனுப்பியது. இரண்டு புள்ளி வித்தியாசம். முந்தைய ஆண்டுச் சாம்பியன் விகனும் நான்காவது சுற்றிலேயே, ஹல் நகரின் இன்னொரு அணியான ஹல் எஃப்.சி.யிடம் வெளியேறியது. மூன்றாவது சுற்றுக்குப் பிறகு, குலுக்கலில் அணிகளின் தரவரிசைக்குப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பந்து எப்படி விழுகிறதோ அப்படித்தான். என் கணிப்பில், ஒரு பிராட்ஃபோர்டுக்காகச் சில 92-களைப் பொறுத்துக்கொள்ளலாம். இருந்தாலும் அமெச்சூர் அணிகளை மோதவிடுவதற்கு முன் இன்னொரு சுற்று வைத்திருக்கலாம்.

கே: ட்ரை அடித்த பிறகு கன்வர்ஷன் எங்கிருந்து உதைக்க வேண்டும்? சில சமயம் நேர் எதிரே, சில சமயம் ஓரத்தில் நிற்கிறார்களே?

ப: பந்து தரையில் அமுக்கப்பட்ட இடத்துக்கு நேராக, பக்கக் கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டில் எவ்வளவு பின்னுக்குப் போவது என்பது உதைப்பவர் விருப்பம். கம்பங்களுக்கு இடையே 5.5 மீட்டர், குறுக்குக் கம்பம் 3 மீட்டர் உயரம். லீகில் கம்பங்கள் கோல் கோட்டிலேயே நடப்பட்டிருக்கும்.

இதில் உள்ள ஜியோமிதி தெரிந்தால் டிவியில் பார்ப்பதே வேறு மாதிரி இருக்கும். நேர் எதிரே 20 மீட்டர் தொலைவில் நின்றால், இரு கம்பங்களுக்கும் நடுவே உதைப்பவர் கண்ணுக்குக் கிட்டத்தட்ட 16 டிகிரி திறப்பு தெரியும். நடுவிலிருந்து 20 மீட்டர் விலகி ட்ரை விழுந்திருந்தால், மிகச் சரியான தொலைவில் நின்றாலும் சுமார் 8 டிகிரிதான். பக்கக் கோட்டை ஒட்டி, நடுவிலிருந்து 33 மீட்டர் தள்ளி விழுந்தால் சுமார் 4.8 டிகிரி. அதற்கும் 33 மீட்டர் பின்னுக்குப் போயாக வேண்டும். பந்து பறக்க வேண்டிய தூரம் 46 மீட்டரைத் தாண்டிவிடும். அங்கேதான் புத்திசாலி ஒரு கணக்குப் போடுகிறார். 33-க்குப் பதில் 25 மீட்டரில் நின்றால் திறப்பு 4.6 டிகிரி, இழப்பு 0.2 டிகிரி. தூரமோ 41 மீட்டராகக் குறைகிறது. ஐந்து மீட்டர் மிச்சமானால் காலில் பலத்தைக் கூட்டாமல் தாளத்தோடு உதைக்கலாம். ஓரத்து உதைகள் தவறுவது பெரும்பாலும் குறியால் அல்ல, பலம் போதுமா என்ற பதற்றத்தில் இடுப்பு முன்கூட்டியே திரும்பிவிடுவதால்.

இதனால்தான் ட்ரை கோட்டைத் தாண்டிய ஆட்டக்காரர், பின்னால் யாரும் துரத்தவில்லை என்றால், உடனே விழாமல் கம்பத்தை நோக்கி வளைந்து ஓடுகிறார். ஒவ்வொரு மீட்டரும் உதைப்பவருக்குப் பரிசு. ஆனால் பின்னால் ஆள் இருக்கும்போது இந்த ஆசை வேண்டாம். முதலில் நான்கை வாங்குவதுதான் முறை.

கே: நேர் எதிரே நின்று உதைத்தால் தவறவே தவறாதா?

ப: 1968 இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். லீட்ஸுக்கும் வேக்ஃபீல்டு டிரினிட்டிக்கும் நடந்த ஆட்டம். கொட்டிய மழையில் வெம்பிளியின் புல் நீரில் மிதந்தது. கடைசி நிமிடத்தில் லீட்ஸ் 11-7 என்று முன்னிலை. ஆட்டம் மீண்டும் தொடங்கிய உதையிலேயே பந்து நழுவ, வேக்ஃபீல்டின் கென் ஹர்ஸ்ட் அதைக் காலால் தட்டிக்கொண்டே ஓடி, கம்பங்களுக்கு அடியில் ட்ரை அடித்தார். அப்போது ட்ரைக்கு 3 புள்ளி. 11-10. டான் ஃபாக்ஸ் நேர் எதிரே நிற்கிறார். போட்டால் 12-11, கோப்பை வேக்ஃபீல்டுக்கு. பந்து வலது பக்கம் விலகிப் போனது. அத்தோடு ஆட்டம் முடிந்தது.

அந்தக் காலத்தில் பெரும்பாலோர் பூட்ஸின் முனையால் நேராகக் குத்தி உதைத்தார்கள். பந்தோடு தொடும் பரப்பு மிகக் குறைவு. தோல் பந்து நீரில் ஊறி வழுக்கும். ஊன்றும் கால் ஒரு விரல்கடை நழுவினாலே முனை பந்தின் மையத்தில் படாது. இன்று பக்கவாட்டில் ஓடிவந்து மேல்பாதத்தால் உதைக்கிறார்கள், பந்தை உயர்த்திப் பிடிக்க பிளாஸ்டிக் டீ உண்டு. தவறு இன்னும் நடக்கிறது, ஆனால் இந்த வகைத் தவறு குறைவு.

ஒரு விசேஷம்: அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான லான்ஸ் டாட் டிராஃபிக்கு டான் ஃபாக்ஸ் ஏற்கெனவே தேர்வாகிவிட்டார். பத்திரிகையாளர்களின் வாக்கு ஆட்டம் முடிவதற்கு முன்பே முடிந்துவிடும்.

கே: 2025-லும் தோற்ற அணிக்காரருக்குத்தானே அந்தப் பரிசு?

ப: ஆமாம், வாரிங்டனின் மார்க் ஸ்னெய்டுக்கு. 2016, 2017-ல் ஹல் எஃப்.சி.க்காக ஆடி வாங்கியவர் அவர். மூன்று முறை பெற்ற முதல் ஆட்டக்காரர் என்ற பெயர் கிடைத்தது, பதக்கம் கிடைக்கவில்லை.

கே: இறுதி ஆட்டம் சமனில் முடிந்தால்?

ப: முன்பு இன்னொரு நாள் மறுபடி ஆடினார்கள். வெம்பிளி இறுதி ஆட்டங்களில் இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. 1982-ல் ஹல் எஃப்.சி.யும் விட்னஸும் 14-14. லீட்ஸின் எல்லண்ட் ரோடில் நடந்த மறு ஆட்டத்தில் ஹல் 18-9 என்று வென்றது.

அதைவிடப் பெரிய கதை 1954. ஏப்ரல் 24 அன்று வாரிங்டனும் ஹாலிஃபாக்ஸும் வெம்பிளியில் 4-4. ஆளுக்கு இரண்டு கோல், ட்ரை ஒன்றுகூட இல்லை. மே 5, புதன்கிழமை, பிராட்ஃபோர்டின் ஆட்சல் மைதானத்தில் மறு ஆட்டம். ஆட்சல் என்பது கிண்ணம் போன்ற பள்ளம். சரிவில் நின்று பார்ப்பவர்களே அதிகம். வாயிலில் எண்ணியவர்கள் மட்டும் 1,02,569 பேர். வேலி தாண்டி வந்தவர்கள் கணக்கில் இல்லை. ரக்பி லீக் ஆட்டம் ஒன்றுக்குக் கூடிய கூட்டத்தில் அதுதான் சாதனை என்று 1999 வரை நின்றது. வாரிங்டன் 8-4 என்று வென்றது. மூன்றே நாளில், மே 8 அன்று, அதே இரு அணிகளும் மான்செஸ்டரின் மெய்ன் ரோடில் சாம்பியன்ஷிப் இறுதியில் மோதின. 8-7, மறுபடி வாரிங்டன். பதினைந்து நாளில் மூன்று இறுதி ஆட்டம்! இன்றைய உடற்பயிற்சியாளர்கள் இதைக் கேட்டால் வேலையை ராஜினாமா செய்துவிடுவார்கள்.

இப்போது மறு ஆட்டம் இல்லை, கோல்டன் பாயின்ட். கூடுதல் நேரத்தில் முதலில் எந்தப் புள்ளி எடுத்தாலும் வெற்றி. இறுதி ஆட்டம் ஒன்று முதன்முதலில் இப்படி முடிந்தது 2023-ல். லீ லெப்பர்ட்ஸ், ஹல் கே.ஆர். இரண்டும் 16-16. லாக்லன் லாம் டிராப் கோல் அடித்து 17-16 ஆக்கினார். லீ 1971-க்குப் பிறகு தொட்ட கோப்பை அது. அன்று ஒரு புள்ளியில் தோற்ற ஹல் கே.ஆர்.தான் 2025-ல் இரண்டு புள்ளியில் வென்றிருக்கிறது.

கே: ஒரு புள்ளிக்கு டிராப் கோல் எப்படித் திட்டமிடுகிறார்கள்? சும்மா உதைத்துவிட வேண்டியதுதானே?

ப: சும்மா உதைத்தால் எதிராளியின் நெஞ்சில் படும். பந்து தரையைத் தொட்டு எழும் கணத்தில் உதைக்க வேண்டும் என்பதால் வழக்கமான உதையைவிட நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை மற்றவர்கள் சம்பாதித்துத் தர வேண்டும்.

ஆறு டாக்கிளில் முதல் மூன்றைத் தூரத்துக்குச் செலவிடுவார்கள். எதிரணிக் கோட்டிலிருந்து 25, 30 மீட்டருக்குள் வந்துவிட வேண்டும். அடுத்த சுமையை, தூரம் கிடைக்கிறதா என்று பாராமல், கம்பங்களுக்கு நேரே விழும்படி ஒருவர் எடுத்துப் போவார். அவர் மெதுவாக எழுவதற்கும் வேகமாக எழுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. வேகமாகப் பந்தை உருட்டினால், பத்து மீட்டர் பின்னால் போக வேண்டிய தடுப்பு வரிசை இன்னும் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். முன்னுக்குப் பாய முடியாது. உதைப்பவர் எட்டு, பத்து மீட்டர் பின்னால் நிற்பார். உருட்டிய பந்தை எடுத்துக் கொடுக்கும் டம்மி ஹாஃபிடமிருந்து வரும் பாஸ் இடுப்பு உயரத்தில், உதைக்கும் கால் பக்கமாக வர வேண்டும்.

கெடுவது எப்படி? பாஸ் முழங்காலுக்குக் கீழே போனால் குனிந்து எடுக்கும் அரை விநாடியிலேயே கதை முடிந்தது. உதைப்பவர் ஐந்து மீட்டரிலேயே நின்றால், பந்துக்கு எதிரே நிற்கும் இரு மார்க்கர்களில் ஒருவர் பாய்ந்து மறித்துவிடுவார். அதற்கு மருந்தாக, இரு பக்கமும் ஆளுக்கு ஒரு உதைப்பவரை நிறுத்துவார்கள். மார்க்கர் யாரை நோக்கி ஓடுவது என்று தயங்குவார். முக்கியமாக, ஆறாவது டாக்கிள் வரை காத்திருக்கக் கூடாது. நான்கு, ஐந்திலேயே முயன்றால், பாஸ் சரியில்லை என்றால் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டு அடுத்த முறை முயலலாம். கடைசி டாக்கிளில் அந்தச் சலுகை இல்லை. பதற்றத்தில் முதல் வாய்ப்பிலேயே 40 மீட்டரிலிருந்து உதைத்து, பந்தை எதிரணிக்குத் தாரை வார்க்கும் அணிகளை அடிக்கடி பார்க்கலாம்.

கே: 2025 இறுதி ஆட்டம் நடந்த அதே நாளில் யார்க் அணி 5-4 என்று ஒரு கோப்பை வென்றதே, அது என்ன?

ப: 1895 கோப்பை. சூப்பர் லீகுக்குக் கீழே உள்ள கிளப்புகளுக்காக 2019-ல் தொடங்கியது. இறுதி ஆட்டம் மட்டும் வெம்பிளியில், பெரிய கோப்பையின் அதே நாளில். யார்க் நைட்ஸ், ஃபெதர்ஸ்டன் ரோவர்ஸ் மோதிய இந்த ஆட்டத்தைக் கடைசிக் கட்டத்தில் லியம் ஹாரிஸின் டிராப் கோல் முடித்துவைத்தது. ஒரே நாளில், ஒரே புல்லில், ஒன்று ஒரு புள்ளியில், இன்னொன்று இரண்டு புள்ளியில்.

கே: அதிக முறை வென்ற அணி எது? முதலில் வென்றது யார்?

ப: அதிக முறை விகன், 2024-ல் வாரிங்டனை 18-8 என்று வென்றது 21-வது. 1988 முதல் 1995 வரை எட்டு ஆண்டு வேறு யாரையும் தொடவிடவில்லை. முதல் கோப்பை பேட்லிக்கு: 1897-ல் லீட்ஸின் ஹெடிங்லியில் செயின்ட் ஹெலன்ஸை 10-3 என்று வீழ்த்தியது. வெம்பிளிக்கு இறுதி ஆட்டம் போனது 1929-ல்தான்.

கே: 2025 கோப்பையை வென்றதும் ஹல் கே.ஆர். ரசிகர்கள் ஏன் அப்படி அழுதார்கள்?

ப: பெரிய கோப்பை எதையும் அவர்கள் 1985-க்குப் பிறகு பார்க்கவில்லை. சேலஞ்ச் கோப்பை என்றால் 1980. சொந்த ஊர்ப் பகையான ஹல் எஃப்.சி.யை 10-5 என்று வென்றது, கேப்டன் ரோஜர் மில்வார்டு தாடை உடைந்த நிலையில் ஆடி முடித்தார். நாற்பது ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் ஒரே ஆண்டில் எல்லாம் கொட்டியது. லீக் முதலிடக் கேடயமும் அவர்களுக்கே. அக்டோபர் 11 அன்று சூப்பர் லீகின் இறுதி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் விகனை 24-6 என்று வென்று மூன்றையும் அள்ளிவிட்டார்கள். பயிற்சியாளர் வில்லி பீட்டர்ஸ்.

கே: அடுத்த இறுதி ஆட்டத்தை முழுதாகப் பார்க்கப் போகிறேன். கடைசிப் பத்து நிமிடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

ப: முதலில் ஸ்கோர் வித்தியாசம். 4 என்றால் முன்னிலை அணிக்கு நிம்மதியே கிடையாது: ட்ரை சமனாக்கும், கன்வர்ஷன் கவிழ்க்கும். வாரிங்டனுக்கு நடந்தது அதுதான். 6 என்றால் ஒரே ட்ரையில் எதிரணியால் அதிகபட்சம் சமன்தான் செய்ய முடியும். 7 ஆகிவிட்டால் எதிரணி இரண்டு முறை புள்ளி எடுத்தாக வேண்டும். அதனால்தான் ஆறு புள்ளி முன்னிலையில் இருக்கும் அணி, ட்ரை அடிக்கும் தூரத்தில் இருந்தும், டிராப் கோலுக்கு ஆள் நிறுத்தும். நாலு புள்ளி முன்னிலையில் நேர் எதிரே பெனால்டி கிடைத்தால் உடனே கம்பத்தைக் காட்டும். இது கோழைத்தனம் என்று அரங்கில் கூச்சல் எழும். கூச்சலிடுபவர்களுக்குக் கணக்கு தெரியாது.

அடுத்து, முன்னிலை அணி ஆறாவது டாக்கிளில் பந்தை எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். எதிரணியின் மூலையில், கோட்டுக்குப் பத்து மீட்டருக்குள் விழுந்தால் நல்லது. கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள கடைசிக் கோட்டையும் தாண்டி ஓடிவிட்டால் எதிரணிக்கு 20 மீட்டரிலிருந்து இலவசத் தொடக்கம். பிறகு, தன் கோட்டை ஒட்டித் தடுக்கும் அணியின் கடைசி ஆள், தரையோடு உருண்டு வரும் பந்துக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார் என்று பாருங்கள். டேவிஸ் அமுக்கிய பந்து அங்கேதான் உருண்டது. கோட்டைத் தாண்டிவிட்டார்கள் என்றால்கூட எழுந்து கைதட்டிவிடாதீர்கள். 2016 இறுதியில் ஹல் எஃப்.சி. 12-10 என்று முன்னிலையில் இருக்க, வாரிங்டனின் பென் கரி கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்கும் நேரத்தில் டேனி ஹௌட்டன் மோதி, பந்தைக் கையிலிருந்து உதறிவிட்டார். ட்ரை இல்லை. ஹல் எஃப்.சி. வெம்பிளியில் வென்ற முதல் கோப்பை அது.